தேங்காய் எண்ணெய் போட்ட துப்பாக்கி

கையேட்டைப் படிக்காமல் காரியத்தைக் கெடுப்பவர்கள் நிறையப் பேர். நான் முழுக்கப் படித்து, முக்கியமான இடத்தில் அடிக்கோடும் போட்டுவிட்டுக் கெடுத்தவன்.

குவைத்தில் வேலை பார்த்த என் மச்சான் அமல், பேராவூரணித் தென்னந்தோப்பில் குரும்பையைக் கடிக்கும் எலிகளுக்காகத் தன் அப்பாவுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருந்தார். எலிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் புத்தாண்டன்று பூசை முடிந்ததும் மாதா கோயில் மைதானத்தில் நடக்கும் பலூன் சுடும் போட்டிக்கு அது பயன்பட்டது. என் மாமனார் அதில் மூன்று வருடம் கலந்துகொண்டு, மூன்று வருடமும் குளத்துத் தெரு ஞானப்பிரகாசத்திடம் தோற்றார். சுழற்கோப்பை என்று பெயர்தான். அது ஞானப்பிரகாசம் வீட்டு டிவி மேலிருந்து அசையவே இல்லை.

நான்காம் வருடம் மாமனாருக்குக் கண்ணில் புரை அறுவை.

"இந்த வாட்டி நீங்க சுடுங்க மாப்ள. கோப்பை நம்ம வீட்டுக்கு வந்துரணும்" என்றார்.

கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவர் என்னை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் அது. (முன்பு ஒருமுறை தேங்காய் உரிக்கக் கொடுத்து, பாதியில் திரும்ப வாங்கிக்கொண்டார்.)

அந்தத் துப்பாக்கியில் ஒரு குறை. கைப்பம்பால் காற்று அடைத்துச் சுட ஆரம்பித்தால், முதல் குண்டு பாய்ந்து போகும். பத்தாவது குண்டு கடனே என்று போகும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றை அளந்துவிட ரெகுலேட்டர் என்று ஒன்று தனியாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, அமலிடம் சொல்லி வரவழைத்தேன்.

"கடையில குடுத்து மாட்டுங்க மாப்ள" என்றார் அவர் போனில்.

"நான் பிசிக்ஸ் வாத்தியார், மச்சான்" என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு மேசையில் கடை விரித்தேன். காற்றை வடித்து, உருளையைத் திறந்து, பித்தளை ரெகுலேட்டரை எடுத்தேன். அதன் ரப்பர் வளையங்களில் பூச ஒரு பொட்டலத்தில் மிளகளவு களிம்பு வந்திருந்தது. 'இதைத் தவிர வேறு எதையும் பூசக்கூடாது' என்றது கையேடு. நான் அடிக்கோடு போட்டது அந்த வரிக்குத்தான். பிறகு யோசித்தேன். அதை எழுதியவன் பேராவூரணிக்கு வந்திருக்க மாட்டான். என் மாமியார் வீட்டில் தலைக்கும், தாளிப்புக்கும், கதவுக் கீலுக்கும், தையல் மெஷினுக்கும் சொந்தத் தோப்புத் தேங்காய் எண்ணெய்தான். அவை எல்லாம் நன்றாகத்தானே ஓடுகின்றன? தாராளமாக ஊற்றினேன்.

அன்று வெயிலில் பத்துக் குண்டு சுட்டேன். பத்தும் கொட்டாங்குச்சியில் ஒரே இடத்தில் பாய்ந்தன. மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு நின்று எண்ணினார். சாயங்காலமே தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிட்டார்.

புத்தாண்டு காலை ஏழு மணி. மைதானத்துப் புல்லில் பனி. ஊரே மப்ளரில் நின்றது. ஞானப்பிரகாசம் தன் பழைய துப்பாக்கியால் ஐந்து பலூனில் நான்கை உடைத்தார். "எங்க மாப்ள அஞ்சையும் உடைப்பாரு" என்று மாமனார் சத்தமாகவே சொன்னார்.

நான் குறிபார்த்து அழுத்தினேன். 'புஸ்' என்றது. குண்டு வெளியே வந்து, என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. இரண்டாவது குண்டு வெளியே வரவே இல்லை.

கூட்டத்திலிருந்து என் மனைவி ஸ்டெல்லா கேட்டாள்: "ஏங்க, உள்ள என்ன எண்ணெய் போட்டீங்க?"

"தேங்காய் எண்ணெய்."

கூட்டம் முழுக்கத் தென்னை விவசாயிகள். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உருகுநிலை, உறைநிலை என்று பன்னிரண்டு வருடம் பாடம் நடத்திய எனக்குத்தான் அப்போது விளங்கியது. மாமனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

துப்பாக்கியை, வாய் வானத்தைப் பார்க்க, மதிலோரம் வெயிலில் சாய்த்து வைத்தேன். ஒன்பது மணிக்குப் பரிசளிப்பு. பங்குச் சாமியார் கோப்பையோடு மதிலைக் கடந்த நேரம் பார்த்து உள்ளே எண்ணெய் உருகியது. ரெகுலேட்டர் பக்கத்துச் சின்னத் துளை வழியாக, அடைபட்டிருந்த காற்று எண்ணெயை அள்ளிக்கொண்டு சீறியது. வெள்ளை அங்கி, கோப்பை, பின்னால் வந்த மாமனார் என்று ஒன்றும் தப்பவில்லை.

சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற சாமியார், முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எண்ணெய் பூசுற அளவுக்கு எனக்கு இன்னும் முடியாமப் போகலப்பா" என்றார்.

வழுக்கிய கோப்பையை ஞானப்பிரகாசம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் கிறிஸ்துமஸுக்கு மாமனார் வீட்டுக்குப் போனால், காலையில் நான் பல் துலக்கி முடிப்பதற்குள் அவரே வந்துவிடுகிறார். கையில் வெள்ளையாக உறைந்த எண்ணெய் பாட்டில்.

"மாப்ள, இதைக் கொஞ்சம் வெயில்ல வையுங்க. உங்களுக்குத்தான் பழக்கம்."

உள்ளே ஸ்டெல்லாவும் மாமியாரும் சிரிப்பது கேட்கும். அவர் என்னை நம்பி ஒப்படைத்த இரண்டாவது காரியம் இது. வருடம் தவறாமல் ஒழுங்காகச் செய்து வருகிறேன்.