அடைக்கூடையும் அவசரக் கூட்டமும்

சரித்திரம் என்பது ஆம்பளைகள் வாசலில் கூடி உட்கார்ந்து பேசும்போது நடக்கிற சங்கதி. அந்த நேரத்தில் பொம்பளைகள் உள்ளே டீ போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த பெரியநாயகி மனசுக்குள் இப்படித்தான் நினைத்துக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் யாராவது வழிமொழிந்திருப்பார்கள்.

எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சாதிச் சங்கம் அறிவித்திருந்தது. தியாகதுருகத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் கிராமம் கடமையில் பின்வாங்கவில்லை. தார்ச்சாலைக்கு நிழல் தந்துகொண்டிருந்த புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தாயிற்று. உளுந்தூர்பேட்டை பஸ் வரவில்லை. பால் வண்டியும் வரவில்லை. ஆகவே கறந்த பாலையெல்லாம் போராட்டக்காரர்களே டீயாகக் குடித்துத் தீர்க்க வேண்டியிருந்தது. தியாகம் என்று வந்துவிட்டால் வயிற்றைப் பார்க்க முடியாது.

பெரியநாயகியின் புருஷன் பொன்னுரங்கம்தான் கிளைச் செயலாளர். கூட்டமெல்லாம் அவர் வீட்டு வாசலில்தான். அன்றைக்கு நடந்தது சாதாரணக் கூட்டம் அல்ல, 'அவசரக் கூட்டம்'. விவாதப் பொருள் போலீஸ் அல்ல, வழக்கு அல்ல, பெரியநாயகியின் கறுப்புக் கோழி.

கோழி தாழ்வாரத்துக் கூடையில் அடை உட்கார்ந்திருந்தது. மணலைக் கொட்டி வைக்கோல் பரப்பி, கல்வராயன் மலைப் பக்கம் இடி இடித்தால் முட்டை கலங்கிவிடாமலிருக்க ஒரு லாடத் துண்டையும் செருகி, பெரியநாயகி பார்த்துப் பார்த்து வைத்த அடை. கூடையில் பாதி முட்டை அவளுடையது. மறுபாதி காலனியிலிருக்கும் காசியம்மாளுடையது. வெள்ளைக் கழிச்சல் வந்து காசியம்மாளின் கோழிகள் கழுத்து முறுக்கிக்கொண்டு ஒன்று விடாமல் செத்துப்போயிருந்தன. அவை கடைசியாக இட்ட முட்டைகளை முந்தானையில் ஏந்திக்கொண்டு, மறியல் அறிவிப்பதற்கு முன்பே, கொல்லைப்புறம் வந்து நின்றாள். "வாரத்துக்கு வெச்சிக் குடும்மா. வித்துக்குன்னு இதுதான் மிச்சம்" என்றாள். வாரம் என்றால், அந்த முட்டையில் பொரிக்கிற குஞ்சில் பாதி கோழிக்காரிக்கு, பாதி முட்டைக்காரிக்கு. எது பொரிந்தது, எது கூமுட்டை என்று பிற்பாடு தகராறு வராதபடி, காசியம்மாள் முட்டைகளில் பெரியநாயகி கரியால் ஒரு கோடு போட்டு வைத்தாள்.

அந்தக் கோடுதான் இப்போது விவகாரமாகிவிட்டது.

மறியல் முடியும்வரை காலனியோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்று முந்தின கூட்டத்தில் முடிவாகியிருந்தது. காலனிக்காரர்கள் மறியலுக்கு வரவில்லையாம். அவர்களை யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம். கூப்பிடாமலே வருவதுதானே உணர்வு?

"ஊருக்கெல்லாம் கட்டுப்பாடு. செயலாளர் வூட்டுக் கோழிக்கு மட்டும் கெடயாதா?" என்று எழுந்தார் சின்னராசு. செயலாளர் பதவியின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"கோழி இன்னா சங்கத்துல உறுப்பினரா மச்சான்?" என்றார் பொன்னுரங்கம்.

"சந்தா கட்டலன்னா இன்னா? நம்ம வூட்டுக் கோழிதானே? நம்ம கம்பத் தின்னுட்டுத்தானே அங்க குந்திக்கினு கீது?"

பொருளாளர் இருசப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாம இன்னா கேக்கறோம்? விகிதாச்சாரம். எத்தினி பேரோ அத்தினி எடம். இங்க பாத்தா பாதிக்குப் பாதி. நம்ம கோழிக்கு அடியிலயே நமக்கு எடம் கம்மின்னா, டெல்லிக்காரன் எப்பிடிக் குடுப்பான்?"

"சூடு நம்மளுது, குஞ்சு அவங்களுதா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

இந்தக் கேள்வியின் ஆழத்தில் கூட்டம் சற்று நேரம் மூழ்கிக் கிடந்தது. டீ வந்ததும் மேலே வந்தது. கோடு போட்ட முட்டைகளை 'உடனடியாக அப்புறப்படுத்துவது' என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். கை தட்டினார்கள். கூடைக்குள் கோழி லேசாகக் கொக்கரித்தது. அதை ஆட்சேபணையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

தீர்மானத்தை நிறைவேற்ற இருசப்பனே முன்வந்தார். முந்தாநாள் புளியமரத்தைச் சாய்த்த அதே கையைக் கூடைக்குள் விட்டார். கோழி உடம்பைப் பந்துபோல் உப்பிக்கொண்டு புறங்கையில் ஒரே கொத்து.

"அய்யோ! சதையப் பிச்சிடுச்சிடா!"

அந்தக் கிளை போராட்டத்தில் சிந்திய முதல் ரத்தம் அது. இருசப்பன் கையை எல்லோருக்கும் காட்டினார்.

"கோணியப் போட்டு அமுக்கிப் புடிங்கய்யா."

"அமுக்கினா அடை கலஞ்சிடும் மாமா. அப்புறம் நம்ம முட்டையும் பூடும்."

இது தேசிய அளவிலான சிக்கல். எதிரி முட்டை போக வேண்டும், நம் முட்டை இருக்க வேண்டும், கோழிக்குத் தெரியவும் கூடாது. இதற்கு, கோழி கொத்தாத ஒரே ஒரு கைதான் அந்த வீட்டில் உண்டு என்று கூட்டம் கண்டுபிடித்தது. பொன்னுரங்கம் எழுந்து உள்ளே போனார்.

பெரியநாயகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் தைரியசாலி இல்லை. கல்யாணமான நாள் முதல் தலையாட்டியே பழகியவள். முந்தின சாயங்காலம் கோழி இரைக்கு இறங்கியபோது, ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் வைத்திருந்தாள். உள்ளே, மெல்ல, ஏதோ தட்டியது. திருப்பி வைத்த பிறகுதான் அதில் கோடு இருந்ததா என்று பார்க்க மறந்தது நினைவுக்கு வந்தது. பார்த்திருந்தால் சத்தம் வேறு மாதிரி கேட்டிருக்குமா? டீ வடிகட்டும்போதும் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

சங்கம் கேட்பது நியாயம் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. மகள் செந்தமிழ்ச்செல்வி நல்ல மார்க்கு வாங்கியும் காலேஜில் இடம் இல்லை என்று திரும்பி வந்து, கதவுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவள் அவள்.

"இந்தாமே," என்றார் பொன்னுரங்கம், குரலைத் தாழ்த்தி. "கோடு போட்டத மட்டும் எடுத்துக் குடுத்துடு. ஒரு நிமிச வேல."

"எடுத்து இன்னா பண்ணுவீங்க?"

"அவங்களுதுதானே, அவங்க கிட்டயே குடுத்துடறோம். நாங்க இன்னா திருடனுங்களா?"

"உள்ள தட்டிக்கினு கீதுங்க. இன்னிக்கோ நாளைக்கோ பொரிஞ்சிடும். இப்ப எடுத்தா செத்துப் பூடும்."

"முட்டதானே, பெரியநாயகி?"

அவள் டீயை டம்ளர்களில் ஊற்றினாள்.

"சின்னராசு அங்க பல்லக் காட்டிக்கினு குந்தினு கீறான். நீ எடுக்கலன்னா என் பதவி பூடும். நம்ம பொண்ணுக்காகத்தானே இவ்ளோ பாடும்?"

பெரியநாயகி டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். நெடுநேரமாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஒன்றைக் கேட்பவள்போல, நிதானமாகக் கேட்டாள்.

"நம்ம பொண்ணுக்கு எடம் இல்லன்னாங்களே... அவங்களும் இப்பிடித்தான் கூடிக் குந்தி, டீ குடிச்சிட்டு, ஏகமனதா முடிவு பண்ணாங்களா?"

பொன்னுரங்கம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ரெண்டாவது ரவுண்டு டீ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரியநாயகி தட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"நான் எடுக்க மாட்டேங்க" என்றாள்.