சம்பங்கியின் கோலும் மேனேஜரின் குடையும்

மூக்கண்டப்பள்ளி,
ஆடி 22.

பெருமதிப்புக்குரிய மச்சான் சிவராஜ் அவர்களுக்கு, மாடசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை மாதேஸ்வரி, உங்கள் மருமகள் சரிதா மூவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். நாகரசம்பட்டியில் நீங்களும் அக்காவும் மாந்தோப்பும் சுகமாக இருக்கவேண்டும். இதையெல்லாம் போனிலேயே கேட்டிருப்பேன். நீங்கள்தான் என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது என்பதால் பதிவுத் தபாலில் வந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி பத்தாம் தேதி சரிதாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வராமல் பெண் மணமேடை ஏறும் வழக்கம் எங்கள் சங்கரன்கோவில் பக்கத்திலும் கிடையாது, உங்கள் பக்கத்திலும் கிடையாது. நீங்களோ போன ஞாயிற்றுக்கிழமை சரிதாவிடம், "பொய் சொல்லி என் தங்கச்சியக் கட்டுனவன் ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். மொதல்ல அந்த வீடியோவ அழிக்கச் சொல்லு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அந்த நேரத்திலும் குடும்ப மானத்தை நினைத்து வீடியோவை அழிக்கச் சொன்னீர்களே, அது பெரிய மனது. ஆனால் அன்றிலிருந்து சரிதா ஒருவேளைதான் சாப்பிடுகிறாள். "மாமா வரலன்னா தேதிய மாத்துங்க" என்கிறாள். அவளுக்காகத்தான் இந்தக் கடிதம், எனக்காக இல்லை. நான் பட்டது எனக்குப் போதும்.

நடந்தது என்ன என்பதை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன். எங்கள் ஸ்டார் கால்பந்துக் கழகம் இப்போது கிடையாது. மைதானம் இருந்த இடத்தில் குடோன் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கழகம் போனாலும் அதன் செயலாளர் அண்ணாதுரை மட்டும் இன்னும் செயலாளராகவே இருக்கிறார். அவருக்குத்தான் எங்கள் அணியின் பழைய ஆட்டக்காரர் சம்பங்கிக்குப் பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கும் சம்மதம்தான். நான் வேலைக்கு வந்த புதிதில் இந்த ஓசூரில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போவேன். சம்பங்கி காலுக்குப் பந்து வந்துவிட்டால் மதுரைக்காரன், சேலத்துக்காரன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், கன்னடம் பேசுகிறவன் எல்லாரும் ஒரே பேரைத்தான் கத்துவார்கள். அதைச் சேர்ந்து கத்தும்போதுதான் இதுவும் என் ஊர்தான் என்று எனக்குப் பட்டது. அந்த மனிதருக்கு ஒரு சால்வை போடக்கூடாதா?

விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கப் படம் தேடினால், சம்பங்கி விளையாடும் படம் ஒருவரிடமும் இல்லை. அத்தனை பேரும் மனதில்தான் வைத்திருந்தோமாம். கடைசியில் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் எந்த நாட்டு வீரனுடைய உடம்பையோ எடுத்து, வாக்காளர் அட்டையில் இருக்கும் சம்பங்கியின் தலையை அதில் வைத்துவிட்டார். மேலே "கால்பந்தின் கர்ஜனை" என்று எழுத்து. பாகலூர் பக்கம் தக்காளி பயிர் செய்யும் சம்பங்கி, கையில் ஒரு கூடைத் தக்காளியோடு மண்டபத்துக்கு வந்தவர், அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு, "இவரு யாருங்க, கட்சிக்காரரா?" என்று என்னிடமே கேட்டார்.

அப்புறம் பேச்சு ஆரம்பித்தது. எல்லாருடைய வாயிலும் அந்த ஒரே கோல்தான்: தொண்ணூற்றேழில் அத்திப்பள்ளி அணியோடு நடந்த இறுதி ஆட்டம், கொட்டுகிற மழை, முழங்கால் சேறு, ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாம் ஜெயித்த கோல். அண்ணாதுரை மைக்கைப் பிடித்து, நாற்பது கெஜத்திலிருந்து இடது காலால் அடித்தார் என்றார். கேண்டீன் மாதவன், தலையால் முட்டியது என்றும், அன்று காலையில் தான் கொடுத்த ஏழு முட்டைதான் அந்த முட்டலுக்குக் காரணம் என்றும் சொன்னார். இன்னொருவர், அந்தரத்தில் தலைகீழாகப் பறந்து வலது காலால் அடித்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்லி, பறந்தும் காட்டி, இடுப்பில் சுளுக்கோடு உட்கார்ந்தார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். ஒரே கோல் மூன்று விதமாக விழுந்தது பற்றி மண்டபத்தில் ஒருவருக்கும் வருத்தமில்லை. என் முறை வந்ததும் நானும் எழுந்து, இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிவருவதைச் சொன்னேன்: அந்தக் கோலுக்குப் பாஸ் கொடுத்தது இந்த மாடசாமி.

மச்சான், அதை எங்கே முதலில் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது நீங்கள் ஜூஜுவாடியில் குடியிருந்து அத்திப்பள்ளி கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். டீக்கடையில் ஆளாளுக்கு அந்தக் கோலில் பங்கு கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். பக்கத்து பெஞ்சிலிருந்து நீங்கள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் புளியமரத்தடியில நின்னு பாத்தனுங்க. நீங்க குடுத்த பாஸு வெண்ணெ மாதிரி வழுக்கிக்கிட்டுப் போச்சு. சம்பங்கி அடிச்சாரு பாருங்க ஒரு அடி!" என்றீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொடுக்காத பாஸ் இவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ரசிகர் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமே பெண் பார்க்க வரச் சொன்னீர்கள். குலம் கோத்திரம்கூடச் சரியாக விசாரிக்காமல், "சம்பங்கிக்குப் பாஸ் குடுத்த ஆளு, இதுக்கு மேல என்ன வேணும்" என்று உங்கள் அப்பாவிடம் சொல்லித் தங்கையைக் கொடுத்தீர்கள். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல எனக்கு ஏது வாய்?

இப்போது அந்த வினைக்கு வருவோம். எல்லாரும் பேசி முடித்ததும் சம்பங்கியிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவர், "எல்லாருக்கும் வணக்கமுங்க. அந்தக் கோலு நான் அடிக்கலீங்க. சேத்துல வழுக்கி உழுந்துட்டேன். எந்திரிச்சிப் பாக்குறதுக்குள்ள உங்க தோளு மேல இருந்தேன். யாரு அடிச்சதுன்னு இன்னைக்கி வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. வேற எத்தனையோ கோலு அடிச்சிருக்கேன், அதுல ஒண்ணயாவது பேசுங்க" என்றார். உடனே மாதவன் எழுந்து, "பாத்தீங்களா, இதான்யா தன்னடக்கம்!" என்று கத்த, கைதட்டல் நிற்கவே இல்லை. சம்பங்கி, "இல்லீங்க, நெசமாத்தான்" என்று மறுபடி ஆரம்பித்தபோது அண்ணாதுரை மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டு, "அண்ணனுக்கு வயசாயிடுச்சி, ஞாபகம் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்" என்று இரண்டாவது சால்வையைப் போட்டு அவரை உட்கார வைத்தார். அந்தக் கோலைப் பற்றி விவரம் தெரியாத ஒரே ஆள் சம்பங்கிதான் என்று சபை ஏகமனதாக முடிவு செய்தது.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணாதுரை, சம்பங்கிக்கே ஞாபகப்படுத்துகிறேன் என்று, அந்தக் காலத்து கேசட்டை பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்ததைப் பெரிய எல்.இ.டி. திரையில் ஓடவிட்டார். மழை. சேறு. திரையின் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புக் குடை. குடைக்கு அடியில் எங்கள் கம்பெனி பர்சனல் மேனேஜர். குடையைப் பிடித்துக்கொண்டு, தான் மட்டும் நனைந்தபடி, நான்! குடைக்குக் கீழே இருக்கும் சந்தில் பத்துப் பன்னிரண்டு கால்கள் உருள்கின்றன. பந்து வலைக்குள் போகிறது. நான் குடையோடு குதிக்கிறேன். மண்டபமே சிரித்தது. "பாஸு குடுத்தாரா, குடை குடுத்தாரான்னு கேளுங்கப்பா" என்று ஒரு குரல். "இவன் குடையாலதான் கோலே தெரியல" என்று இடுப்புச் சுளுக்கு ஆசாமி அடிக்க வந்துவிட்டார். அவர் சொன்ன தலைகீழ்ப் பாய்ச்சலும் திரையில் தெரியவில்லையே, அந்தக் கோபம். சண்டையில் யாரோ பென்டிரைவைப் பிடுங்கிவிட்டார்கள். அதற்குள் அந்தக் குடைத் துண்டை மட்டும் யாரோ போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பி, அது உங்களுக்கும் வந்து சேர்ந்தது.

குடை பிடித்தது நிஜம். இரண்டு மாதத்தில் என்னை நிரந்தரமாக்க வேண்டியவர் அந்த மேனேஜர், அதனால் பிடித்தேன். பாஸ் கொடுத்தேன் என்றது பொய். ஆனால் உங்கள் தங்கையை இந்த இருபத்தேழு வருஷத்தில் ஒருநாள் கண் கலங்க விட்டதில்லை என்பது பொய்யில்லை, அவளையே கேளுங்கள். தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள். நான் மண்டப வாசலில் நின்று மறுபடியும் குடை பிடிக்கிறேன், உங்களுக்கு. சரிதாவுக்கு மட்டும் மாலை போட வந்துவிடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. தோப்பில் இந்த வருஷம் காய்ப்பு எப்படியோ, அடுத்த வருஷம் கிளை தாங்காமல் காய்க்க வேண்டும். ராயக்கோட்டை ரோட்டில் லாரிகள் அதிகம், பார்த்து வாருங்கள்.

மன்னிப்பை எதிர்பார்க்கும்,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்,
மாடசாமி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி, பசை காய்வதற்குள் மாதேஸ்வரி கூப்பிட்டாள். அதனால் உறையைப் பிரித்து எழுதுகிறேன். அண்ணாதுரை முழு வீடியோவையும் அவள் போனுக்கு அனுப்பியிருக்கிறார். அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். குடைக்குக் கீழே பந்தைத் தன் வலைக்குள்ளேயே அடிக்கும் காலில் இருப்பது மஞ்சள் காலுறை. நாங்கள் நீலம், அத்திப்பள்ளிதான் மஞ்சள். சேம்சைடு கோல்! விழாவில் பென்டிரைவைப் பிடுங்கிய இடத்துக்கு அடுத்த நொடியில், காற்றில் என் குடை மேலே மடங்கிக்கொள்கிறது. தோள்வரை முடியோடு, நாலாம் நம்பர் சட்டையில், தலையில் கை வைத்து ஒருவர் சேற்றில் உட்கார்ந்திருக்கிறார். "குந்தியிருக்குது பாருங்க, அது எங்கண்ணன்" என்றாள் மாதேஸ்வரி. "உங்க அண்ணனுக்கு ஏது முடி?" என்றேன். "அன்னைக்கி சாயங்காலம் ஊட்டுக்கு வந்ததும் வராததுமா மொட்டை போட்டுக்கிச்சு. கேட்டா வேண்டுதல்னு சொல்லிச்சு" என்றாள்.

ஆக, பாஸே இல்லாத கோல் அது என்பது டீக்கடையில் என் கையைப் பிடித்தபோதே உங்களுக்குத் தெரியும். நான் பாஸ் கொடுத்தால்தான் சம்பங்கி கோல் அடித்ததாக ஆகும்; சம்பங்கி அடித்தால்தான் நீங்கள் அடிக்காததாக ஆகும். சரிதான் மச்சான், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்கள் கால் அன்று தவறியிராவிட்டால் எனக்கு மாதேஸ்வரி ஏது, சரிதா ஏது? மேலே எழுதிய மன்னிப்பை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள். அண்ணாதுரையிடமிருந்த பென்டிரைவையும் வாங்கி, உங்கள் தங்கை நகைப்பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். மாலை போட்ட கையோடு தருவாளாம். இது அவள் சொன்னது, நான் சொல்லவில்லை.

சம்பங்கியும் கல்யாணத்துக்கு வருகிறார். புளியமரத்தடியிலிருந்து நீங்கள் பார்த்த அந்தக் கோலை அவருக்கு ஒருமுறை விவரமாக எடுத்துச் சொல்லுங்கள். பாவம், அவருக்குத்தான் இன்னும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.