சிவப்பு மைக்காரர் நம்பாத அம்மா

திண்டுக்கல்லில் என் நாவல்களை ஒரு வரி விடாமல் படித்த ஒரே மனிதர் சிவப்பு மைக்காரர்தான். அதற்காக அவரை நான் மன்னித்ததே இல்லை.

அச்சகத்தில் புரூப் பார்ப்பது அவர் வேலை. எழுத்துப் பிழையைத் திருத்தச் சொன்னால் வாழ்க்கைப் பிழையைத் திருத்துவார். என் கதாநாயகன் பேருந்து நிலையத்திலிருந்து மலைக்கோட்டைக்கு ஐந்தே நிமிடத்தில் நடந்துவிட்டான். ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு: ‘நடந்து பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம். உங்கள் கதாநாயகனுக்கு முட்டுவலி வேறு.’

இன்னொரு நாவலில் அய்யலூர்ச் சந்தையில் செவ்வாய்க்கிழமை ஆடு விற்றேன். மனிதர் வியாழக்கிழமை நேரில் போய், சந்தை அன்றைக்குத்தான் என்பதற்குச் சாட்சியாக ஒரு ஆட்டுக்குட்டியையே வாங்கி வந்துவிட்டார்!

“நாவல் என்னண்ணே, பஸ் டைம்டேபிளா?” என்று கத்தினேன்.

“அம்புட்டுப் பெரிய பொய்ய நம்பணும்னா டீச்சர், சின்ன விசயமாச்சும் நெசமா இருக்கணும்ல?”

இந்த வருடம் எல்லை மீறினார். மகளுக்கு விபத்து என்று கேட்டதும் ஒரு தாய் அலறி, கைச்சொம்பை நழுவவிட்டு, மயங்கி விழுகிறாள். எழுதும்போது நானே அழுத காட்சி. குறிப்பு: ‘நம்பும்படி இல்லை.’

நேரே அச்சகத்துக்குப் போனேன். “பொம்பளப் பிள்ளையப் பெத்தவ நான்! அவ காலேஜ் விட்டு வரச் செத்த நேரம் ஆனாலே வாசலுக்கும் உள்ளுக்கும் அலையிறவ. தாய் எப்படி அழுவான்னு நீங்க எனக்குச் சொல்றீகளா?”

“கோவிக்காதீக டீச்சர். எழுதுனவுகதான் அழுகுறீக. அந்தம்மா அழுகல.”

பதில் சொல்ல வாயெடுத்தேன். கைபேசி அடித்தது. சின்னாளப்பட்டி அருகே என் மகளின் ஸ்கூட்டரை லாரி இடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம்.

நான் அலறவில்லை. மேசையில் கலைந்து கிடந்த புரூப் தாள்களைப் பக்க வரிசையில் அடுக்கினேன். பதினொன்று, பன்னிரண்டு. பதின்மூன்றைக் காணோம். மேசைக்கு அடியில் குனிந்து தேடினேன்.

அவர் என் கையைப் பிடித்துத் தூக்கினார். “பதிமூணு எங்கயும் போகாது தாயி. வண்டியில ஏறுங்க.”

என் கதாநாயகன் ஒருவழிப் பாதையில் எதிர்த்து வந்ததற்கு அரைப்பக்கம் திட்டி எழுதியவர், அன்று இரண்டு ஒருவழிப் பாதைகளில் எதிர்த்தே ஓட்டினார்.

மகள் பிழைத்தாள், கால் எலும்பு முறிந்ததோடு போயிற்று. காட்சியை மாற்றி எழுதினேன்: தாய் தாள்களை அடுக்குகிறாள். ‘அப்பவே சொன்னேன்ல’ என்று வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினேன்.

நேற்று புரூப் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு திருத்தமும் இல்லை. இரண்டு எழுத்துப் பிழைகளைக்கூட விட்டிருந்தார். ஓரத்தில் மட்டும் சிவப்பு மை: ‘பாப்பா நடக்கிறதா?’

கீழே எழுதி அனுப்பினேன்: ‘நடக்கிறாள். நான் எழுதினால் நம்ப மாட்டீர்கள் அண்ணே. வந்து பாருங்கள்.’