எவ்வளவு மிச்சம் என்று சொல்லாத சொட்டுநீர்

என் ரத்தக்கொதிப்புக்கு உப்புதான் காரணம் என்கிறார் டாக்டர். அபாண்டம்! காரணம் சொட்டுநீர். அபிராமபுரம் ஆபீஸில் என்னோடு புரோகிராம் எழுதியவன். அவனைப்போல் ஒருத்தன் போதும், ஊரே மாத்திரை சாப்பிடும்.

சினிமாக்காரர்கள் வீடியோக்களை ஏற்றி இறக்க ஒரு வெப்சைட் நடத்தினோம். யாராவது பெரிய ஃபைல் கேட்டால், சர்வர் அதை முழுசாக மெமரியில் வாங்கிக்கொண்டு மூச்சு முட்டிப் படுத்துவிடும். துண்டு துண்டாக அனுப்பும்படி மாற்றியவன் இவன்தான். நல்ல காரியம், ஒப்புக்கொள்கிறேன். அதோடு நிறுத்தினானா? லீவு கேட்பதையும் அப்படியே ஆக்கினான். காலையில் வந்து "சார், நாளைக்கு" என்பான். சாப்பாட்டுக்குப் பிறகு "எனக்கு" என்பான். "லீவு" வருவதற்குள் மேனேஜர் வீட்டுக்குப் போயிருப்பார். சொட்டுநீர் என்ற பெயர் பின்னே எப்படி வரும்?

அதையும் பொறுத்தேன். பர்வீன் அக்கா விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அக்கா கோடம்பாக்கத்தில் எடிட்டர். முதல் படம். நாலு மணிக்குத் தயாரிப்பாளர் பார்க்க வருகிறார். அப்போது படத்தைப் போட்டுக் காட்டாவிட்டால் வேலை வேறு எடிட்டரிடம் போய்விடும். படத்தின் ஃபைலை எங்கள் சைட்டிலிருந்து இறக்கினால் வட்டம் சுற்றுகிறதே தவிர, எவ்வளவு வந்தது, எவ்வளவு மிச்சம், ஒன்றும் தெரியவில்லை. நின்றுவிட்டது என்று நினைத்துக் கேன்சல் செய்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். கடைசியில் எனக்கு ஃபோன்.

"இன்னா நைனா, வருதா இல்லியா? கட் பண்ணிடட்டா?"

சொட்டுநீரைப் பிடித்தேன். ஃபைலின் மொத்த அளவை முன்கூட்டிச் சொல்லும் ஒரே ஒரு வரியை அந்த மகானுபாவர் எழுதவே இல்லை!

"மிச்சம் எவ்ளோன்னு காட்னா ஜனம் டென்ஷன் ஆவும் மச்சி."

"இப்ப எழுதுடா!"

"எழுதுனா சர்வரை நிறுத்தி ஆரம்பிக்கணும். அவங்களுக்கு வந்துக்கினு கீறதும் பூடும்."

அடித்திருப்பேன். அதற்குள் என் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு, சர்வர் அனுப்பும் கணக்கைத் திரையில் பார்த்துப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தான். "கை வெக்காதீங்கக்கா. பாதி தாண்டிச்சு... நான் லைன்லயே கீறேன்... முக்கால் ஆச்சு..." சாப்பிடவில்லை, பாத்ரூம் போகவில்லை. தயாரிப்பாளரின் கார் வந்து நின்ற சத்தம் ஃபோனிலேயே கேட்டது. "முழுசா வந்துச்சுக்கா, ஓட்டுங்க!" என்றான். படம் பர்வீன் அக்கா கையிலேயே நிலைத்தது.

மறுநாளே அந்த வரியை நான் எழுதினேன். இப்போது சைட் அழகாகச் சதவீதம் காட்டுகிறது. அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். பெரிய ஃபைல் இறக்கும்போதெல்லாம் அக்கா இன்னும் கூப்பிட்டு அவனைக் கேட்கிறார். அதுதான் சதவீதம் தெரிகிறதே என்றால், "நெம்பர் தெரியுது நைனா, கூட யாரும் இல்லியே" என்கிறார்.

எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, படுபாவி.