ஈரப்பலா மரத்தடிச் சபதம்

உயிரே போனாலும் எங்கள் ஈரப்பலா மரத்தின் மேல் கோடாலி படக் கூடாது என்று சபதம் எடுத்தேன். படுத்துக்கொண்டுதான் எடுத்தேன். எங்கள் சவாயித் தீவில் அந்த மரத்தடியில் நிற்கும் எங்கள் வீட்டில் வேறு எப்படியும் இருக்க முடியாது. கடல் காற்று இலைகளுக்குள் நுழைந்து, கொஞ்சம் தூக்கத்தைக் கலந்துகொண்டு கீழே இறங்கும்.

சபதத்துக்குக் காரணம் என் மனைவி தெலேசியா. மரத்தின் அடியில் பழுப்பும் கறுப்புமாய்ப் பூஞ்சை பிடித்து, காலுறை மாட்டியது போல முழங்கால் உயரம் ஏறியிருந்தது. அவள் கூப்பிட்டு விவசாய ஆபீஸர் வந்து தட்டிப் பார்த்தார். வேர் அழுகிவிட்டது, மருந்து கிடையாது, வெட்டி எரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டின் மேல்தான் சாயும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். வயசானா யாருக்குத்தான் கால்ல ஒண்ணும் வராது? உங்கம்மாவுக்கும்தான் கால் வீக்கம். வெட்டியா எரிக்கிறோம்?"

"எங்கம்மா நம்ம வீட்டு மேல விழ மாட்டாங்க."

"அவங்க விழுறதுக்கு மரமே தேவலை."

"வெளையாடாதீங்க. தூங்கும்போது நசுங்கிப் போயிடுவீங்க."

"நான் இந்த வீட்டை விட்டு இறங்க மாட்டேன். நான் இங்க படுத்திருக்கிற வரைக்கும் எவன் மரத்துல கை வைப்பான்?"

"சத்தியமா?"

"சத்தியமா! மரமும் நிக்கும், நானும் இறங்க மாட்டேன்."

அவள் சண்டை போடவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். வீடு என்றால் என்ன? பலகைத் தளம், ஓலைக்கூரை, நாலு பக்கமும் காற்று. அதன் மரக்கால்கள் கல் மேல் சும்மா நிற்கும்.

சனிக்கிழமை மத்தியானம் சுட்ட ஈரப்பலாவும், தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையும் கொண்டு வந்து வைத்தாள். பன்றிக்கறி வேறு.

"போராடுறவங்களுக்குத் தெம்பு வேணாமா? சாப்பிடுங்க."

அன்பாகப் பரிமாறினாள். நான் அதைவிட அன்பாகச் சாப்பிட்டேன்.

கனவில் வீடு படகாகிவிட்டது. மெல்ல எழுந்து தென்னைகளுக்கு நடுவே மிதந்தது. மேகங்கள் கூரையை உரசிக்கொண்டு போயின. கீழே பல பேர் ஒரே குரலில் பாடினார்கள். தேவதூதர்கள் என்று நினைத்தேன். அதில் ஒரு தேவதூதன், "அப்பாடா, மச்சான் என்ன கனம்!" என்றான். சொர்க்கத்திலும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள் போலிருக்கிறது என்று புரண்டு படுத்தேன்.

கண் விழித்தபோது கூரை விளிம்பில் இலைகள் தெரியவில்லை. மாமியார் தெரிந்தார்.

"வாங்க மாப்ள."

எட்டிப் பார்த்தேன். மாமியார் வீட்டு முற்றம்! தெலேசியாவின் தம்பிகளும் ஊர்ப் பையன்களும் வீட்டைச் சுமந்த மூங்கில்களை அவிழ்த்துப் போட்டுவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தெலேசியா! என்னடி இது?"

"மரம் நிக்குது. நீங்களும் வீட்டை விட்டு இறங்கல. உங்க சத்தியத்துக்கு ஒரு கீறல் விழாமத்தான் தூக்கிட்டு வந்தாங்க."

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. காற்றே இல்லை. தோப்புக்கு அப்பால் ஏதோ நீளமாக முறிந்தது, தரை அதிர்ந்தது.

குதித்து ஓடினேன். எல்லாரும் பின்னால் ஓடி வந்தார்கள். நான் தினமும் தலை வைத்துப் படுக்கிற இடத்தில் என் மரம் தலை வைத்துப் படுத்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மரத்துக்காகவா எனக்காகவா, தெரியவில்லை. தெலேசியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீங்கிய காலோடு மாமியார் கடைசியாக வந்து சேர்ந்தார். வெறுங்கையோடு வரவில்லை.

"பக்கத்து மரங்களுக்குப் பரவுறதுக்குள்ள வெட்டி எரிச்சாகணும் மாப்ள. வீட்டை விட்டுத்தான் இறங்கிட்டீங்களே, மீதிச் சத்தியத்தையும் நீங்களே முடிச்சு வைங்க" என்று கோடாலியை என் கையில் கொடுத்தார்.