பேண்ட்டில் தப்பில்லையாம்

மதிப்பும் பாசமும் நிறைந்த அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம்தான், அந்தச் சொல்லை என் விஷயத்தில் போடலாமா என்பதுதான் குழப்பம். இதைத் தனியாக இருக்கும்போது படிக்கவும்.

எல்லாம் பேண்ட்டில்தான் ஆரம்பித்தது. நாற்பது வருடமாகப் பிறத்தியாருக்குத் தைக்கிறவன், எனக்கு நானே எப்போதும் ஒரே அளவில்தான் தைத்துக்கொள்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் தைத்த சாம்பல் நிறப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு மெஷின் முன் உட்கார்ந்தால் கவட்டையில் ஏதோ நசுங்கி உயிர் போகிறது. துணி சுருங்கிவிட்டது என்று பிரித்து அரை அங்குலம் விட்டேன், மறுபடியும் அதேதான். இஞ்ச் டேப் இழுபட்டிருக்குமோ என்று புது டேப் வாங்கினேன், பழைய டேப்பும் சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல என்னையே பார்த்தேன். அத்தான், எழுதக் கூசுகிறது. இரண்டும் பழைய இடத்தில் இல்லை, ஒரு மாடி கீழே குடிபோயிருக்கின்றன. முன்னால் இருப்பதோ, ஆமை தலையை இழுத்துக்கொண்டதுபோல உள்ளே ஒதுங்கி நிற்கிறது. டேப்பால் அளந்தும் பார்த்தேன், ஆனால் எதோடு ஒப்பிடுவது? வாலிபத்தில் குறித்து வைக்காதது என் தப்பு. வெளியே மனைவி கதவைத் தட்டினாள்.

“உள்ள என்ன பண்றீங்க?”

“அளவு எடுக்கிறேன்.”

“யாருக்கு?”

டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன்.

போதாக்குறைக்கு, மூத்திரம் போக நின்றால் வரமாட்டேன் என்கிறது, திரும்பி வந்து உட்கார்ந்தால் உடனே வருகிறது. கெட்ட வியாதிதான் என்று நானே முடிவுகட்டி, மெஷினை யாருக்குக் கொடுப்பது என்ற யோசனையில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மனைவி கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும். நான் பத்து நிமிடம் பேண்ட்டைப் பற்றியே பேசினேன். “ஐயா, பேண்ட்ல தப்பில்ல, உங்களப் பத்திச் சொல்லுங்க” என்றார். என் மனைவி சொன்னாள், எனக்கே தெரியாத விவரங்களோடு.

டாக்டர் பரிசோதித்தார், ரத்தம் எடுத்தார், ஸ்கேனுக்கு அனுப்பினார். எல்லாம் வந்தபின் பொறுமையாக விளக்கினார். “வயசானா தோல் தளரும், அதான் தொங்குது. வயித்துல கொழுப்பு ஏறினா முன்னாடி இருக்கறது சின்னதாத் தெரியும், கொஞ்சம் சுருங்கவும் செய்யும். மூத்திரப்பைக்குக் கீழ ப்ராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்கு, அது பெருசாயிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, மாத்திரை தர்றேன்.”

“அப்ப வெளிய இருக்கறது சுருங்குது, உள்ள இருக்கறது வளருதா?”

“ஆமாங்க.”

“அதை அப்படியே தலைகீழா மாத்தி விட முடியாதுங்களா?”

டாக்டர் எழுதுவதை நிறுத்தி ஜன்னலைப் பார்த்தார். என் மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்டாள், “இதையா எங்கிட்ட சொல்லாம பயந்துட்டு இருந்தீங்க? எனக்குந்தான் எல்லாம் இறங்கிப்போச்சு, நான் என்ன டேப்பைத் தூக்கிட்டுத் திரிஞ்சேனா?” சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடித்தவள், கடந்த பிறகும் விடவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று புரியவில்லை.

ஆனால் உங்கள்மேல் எனக்கு வருத்தம், அத்தான். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். சவரம் செய்யக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். இதைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாதா? இன்னும் எவ்வளவு தூரம் இறங்கும் என்பதையாவது தயவுசெய்து தெரியப்படுத்தவும்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகளையும் சொல்லவும்.

இப்படிக்கு,
குழப்பம் தீராத உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மனைவி வாங்கிப் படித்துவிட்டு, அலமாரியிலிருந்து உங்கள் பழைய கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது. “மாப்பிள்ளை, இப்போதெல்லாம் கீழே இடம் பற்றவில்லை, உட்கார்ந்தால் நசுங்குகிறது, மனசு கலங்குகிறது, உன்னிடம்தான் கேட்க முடியும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் ஓரத்தில் நான் சிவப்புப் பென்சிலால் “கவட்டையில் ஒன்றரை அங்குலம் கூட்டவும்” என்று குறித்து, இரண்டு பேண்ட் தைத்து அனுப்பியிருக்கிறேன். அவை சரியாக இருந்தனவா?