பட்டாணி சொன்னதும் நான் எழுதியதும்

பாசத்துக்கும், அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, மகள் பட்டாணி மூவரும் சௌக்கியம். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பட்டறையில் வெல்டிங் பொறி பட்டு என் வலதுகை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. அதனால் நான் சொல்லச் சொல்ல வீட்டில் ஒருவர் கம்ப்யூட்டரில் தட்டித் தருகிறார். கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது. நான் நாலு வாக்கியம் முன்னால் ஓடிப்போய், மறுபடி திரும்பி வரவேண்டியிருக்கிறது.

இனி அடக்க முடியாது, சொல்லிவிடுகிறேன். பட்டாணி ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள்! அதே பள்ளிக்கூடம், அதே சிநேகிதிகள்! போன கடிதத்தில் நீ, "பெருமூளை வாதம் உள்ள பிள்ளையைச் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் போட்டு ஏன்டா வதைக்கிறாய், அவள் என்றைக்கு எழுதப்போகிறாள்?" என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது நன்றாக இறங்குகிறது.

முதலில் சாய்தளத்தின் கதையைக் கேள். வகுப்பு வாசலில் படிகள். பட்டாணி ஒரு கையில் ஊன்றுகோலை ஊன்றி, இன்னொரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடப்பாள், படி ஏற யாராவது தூக்கவேண்டும், தூக்கினால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஒரு சாய்தளம் போட்டா நல்லது" என்றார் தலைமை ஆசிரியை. கிரில் பட்டறைக்காரனிடம் இதைச் சொல்லலாமா? அன்றைக்கே தகடு வெட்டிவிட்டேன். கைப்பிடிக் கம்பிக்கு அளவு வேண்டும், அவளோ பள்ளிக்கூடத்தில், அவள் வரும்வரை காத்திருக்க நான் என்ன முனிவனா, என் இடுப்புக்கே அளவெடுத்து, வெல்டிங் வைத்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றால், கம்பி அவள் தலைக்கு மேலே போகிறது. "அப்பா, இது ஒட்டகச்சிவிங்கிக்கா?" என்று கேட்டாள். கழற்றி, அறுத்து, மறுபடி வைத்தேன். மறுநாள் மொத்தப் பள்ளிக்கூடமும் அதில் சறுக்கி விளையாடுகிறது! தலைமை ஆசிரியை 'பட்டாணிக்கு மட்டும்' என்று பலகை மாட்டப்போனார். அவள் விடவில்லை. "எல்லாரும் வரட்டும் மிஸ், தனியாப் போனா போரடிக்குது."

அடுத்து பரீட்சை. அக்கா, இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போவதா, நாலிலேயே இன்னொரு வருஷம் இருப்பதா என்பது இந்த அறிவியல் பரீட்சையில்தான் என்று சொல்லிவிட்டார்கள். அவள் பதில் சொல்ல, பெரிய வகுப்பு மாணவி ஒருத்தி எழுதித் தருவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து அந்த மாணவிக்குக் காய்ச்சல். நான் வழக்கம்போல வராந்தாவில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் எழுதறேன்" என்று பாய்ந்து உட்கார்ந்தேன். வேறு ஆள் இல்லாததால் அவர்களும் விட்டுவிட்டார்கள். பட்டாணியின் பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும், வந்தால் தெளிவாக வரும். "திமிங்கிலம்... மீன்... இல்லை" என்றாள். தண்ணீரில் இருக்கிறது, வால் இருக்கிறது, மீன் இல்லையாம்! பாவம், பிள்ளை பயத்தில் உளறுகிறது என்று 'மீன்' என்று திருத்தி எழுதினேன். சூரியன் ஒரு நட்சத்திரம் என்றாள். பட்டப்பகலில் ஏது நட்சத்திரம்? அதையும் திருத்தினேன். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்ற கேள்வி வந்ததும், அவள் சொன்ன ஒரு வரியை விட்டுவிட்டு, முதல் பூச்சாகப் பிரைமர் அடிக்காமல் பெயின்ட் அடிப்பவர்களைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன்.

பெயில்.

என் மனைவி என்னோடு பேசவில்லை. பட்டாணி அழவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நல்லவேளை, அறிவியல் டீச்சருக்குச் சந்தேகம். "இது அவ பதிலே இல்லையே. பிரைமரைப் பத்தி நான் பாடமே நடத்தலையே!" என்று அவளை உட்காரவைத்து, அவசரப்படுத்தாமல், வாயாலேயே எல்லாக் கேள்வியும் கேட்டிருக்கிறார். எல்லாம் சரி! திமிங்கிலம் உள்பட!

பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியை அவளிடம், "உனக்கு என்னென்ன உதவி வேணும்? நீயே சொல்லும்மா" என்றார். நான் வாயைத் திறந்தேன். "உங்களைக் கேக்கலை" என்றார். பட்டாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் பாதிச் சொல்லில் நின்றால் மீதியை நான் எடுத்துக் கொடுக்கலாம் என்று நாக்கு துடிக்கிறது, என் மனைவி என் காலை மிதித்துக்கொண்டிருக்கிறாள். பட்டாணி சொன்னாள்: "நேரம்... கூடக் குடுங்க. பெரிய பட்டன் வெச்ச கீபோர்டு வேணும். நான் சொல்றதை... அப்படியே எழுதற ஆள் வேணும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்பா... வேணாம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன், அக்கா. மனசில் துளி வருத்தம் கிடையாது. கேட்டதெல்லாம் கொடுத்துவிட்டார்கள், மாடியில் இருந்த ஐந்தாம் வகுப்பையே கீழே கொண்டுவந்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டுவதே இல்லை. திமிங்கில விஷயத்திலும் திருந்திவிட்டேன்.

நீ மனசார வாழ்த்தி ஒரு வரி எழுது, பட்டாணிக்கு அது போதும். அத்தானுக்கு என் வணக்கம், வாங்கிக்கொள்ளும் மனநிலையில் இருந்தால் மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
உன் அருமைத் தம்பி

பி.கு.: அத்தை, நான் பட்டாணி. இவ்வளவு நேரம் தட்டினது நான்தான். அப்பா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாத்தலை. எழுதித் தர்ற ஆள் மாத்தக்கூடாது. ஆனா பின்குறிப்பு என்னோடது. அன்னிக்கு ஹெட்மிஸ் ரூம்ல அப்பா சிரிக்கலை, கர்சீப் நனையற அளவுக்கு அழுதார். நேத்துகூட ஜன்னல் கம்பி ஆடுதான்னு பாக்கறேன்னு எங்க வகுப்பு ஜன்னல்ல நின்னார். திமிங்கிலம் மீன்தான்னு அம்மாகிட்ட இன்னும் ரகசியமாச் சொல்றார். விரல்ல காயமே இல்லை, காலையில அதே விரலாலதான் என் ஊன்றுகோல் ஸ்க்ரூவை முடுக்கினார். நான் என்னைக்கு எழுதுவேன்னு நீங்க கேட்டீங்க இல்லையா, அதுக்குப் பதிலா என்னையே தட்டவைக்கத்தான் அந்தக் கட்டு. இப்ப பக்கத்துல உக்காந்து, 'என்ன தட்டறே, என்ன தட்டறே'ன்னு கேக்கறார். எனக்கு நேரம் ஆகும், பொறுங்கன்னு சொன்னேன். பொறுத்துக்கிட்டு இருக்கார்.